ஒரு சென்ட் காசும் ஒரு பிடி புளியும்

2025 தீபாவளிக்கு மறுநாள் நம் சங்க நண்பர் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து மேசை மேல் வைத்தார். உள்ளே ஓர் அமெரிக்க ஒரு சென்ட் நாணயம். டல்லாஸில் இருக்கும் அவர் மகன் ஒரு பழம்பொருள் கடையில் வாங்கி அனுப்பியதாம். ஆப்ரகாம் லிங்கன் தலை, 1919-ஆம் வருடம்.

"நூறு வருஷத்துக் காசு சார்! வந்தப்போ கறுத்துப் போயிருந்தது. நான்தான் தேய்ச்சுத் தேய்ச்சு தங்கம் மாதிரி ஆக்கினேன். பாருங்க, எப்படி மின்னுது!"

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. "நன்றாக இருக்கிறது" என்று சொல்லி, காப்பி கொடுத்து, பட்சணம் கொடுத்து அனுப்பி வைத்தேன். அன்று அவரிடம் சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது எழுதுகிறேன். அவர் மீது குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. அவர் செய்த காரியத்தை ஏழு வருடம் முன்பே செய்து முடித்தவன் நான்; அதுவும் இதைவிட எத்தனையோ மடங்கு உயர்ந்த ஒரு நாணயத்துக்கு.

நம் குடும்பங்களில் இன்று பாதிக்கு மேல் யாராவது ஒருவர் அமெரிக்காவில் இருக்கிறார்கள். பேரன் பேத்தி பிறக்கும்போது போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வருகிறோம். திரும்பும்போது பெட்டியின் மூலையில் நாலு சென்ட் காசு கிடக்கும். அவற்றில் சிலவற்றுக்குப் பின்னால் பெரிய கதை உண்டு என்பதை எனக்குக் கற்பித்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர்.

நான் மத்திய ரயில்வேயில், பெட்டிகளையும் வேகன்களையும் பராமரிக்கும் பிரிவில் 37 ஆண்டுகள் வேலை பார்த்து, 2018-ல் சீனியர் செக்ஷன் இன்ஜினியராக ஓய்வு பெற்றவன். கும்பகோணத்தில் பிறந்து, டிப்ளமா முடித்த கையோடு 1981-ல் பம்பாய்க்கு ரயில் ஏறியவன். வெண்கலம் எனக்குப் புதிய உலோகம் அல்ல. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பழைய சரக்கு வேகன்களில் உருளை பேரிங் கிடையாது. அச்சின் மீது ஒரு வெண்கலப் பாளம் உட்கார்ந்திருக்கும். அதன் உட்புறத்தில் ஒயிட் மெட்டல் பூசியிருப்பார்கள். நாங்கள் அதை 'பிராஸ்' என்போம். பெயர்தான் பித்தளை, பொருள் வெண்கலம். கல்யாண் யார்டில் வண்டி வந்து நின்றதும் ஒவ்வொரு ஆக்சில் பாக்ஸையும் புறங்கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். கை சுட்டால் அந்த வேகன் வண்டியிலிருந்து கழற்றப்படும். உள்ளே பிராஸ் உருகியிருக்கலாம், அல்லது இரவோடு இரவாக யாராவது கழற்றிக்கொண்டு போயிருக்கலாம். பழைய இரும்புக் கடையில் அதற்கு நல்ல விலை.

ஓய்வு பெற்ற அதே கோடையில் மகளின் பிரசவத்துக்காக நானும் என் மனைவியும் நியூஜெர்சி மாநிலம் எடிசனுக்குப் போனோம். மனைவிக்கு அங்கே வேலை சரியாக இருந்தது. பத்தியச் சாப்பாடு, குழந்தைக்கு எண்ணெய்க் குளியல் என்று பொழுது போனது. எனக்குத்தான் செய்ய ஒன்றுமில்லை. காலையும் மாலையும் நடப்பேன். பக்கத்து வீட்டு வாசலில் எண்பதை நெருங்கும் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். நாலாம் நாள் பேச்சுக் கொடுத்தார். அவரும் ரயில்வேக்காரர் என்று தெரிந்ததும் இருவருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. டீசல் என்ஜின் பழுது பார்க்கும் கொட்டகையில் முப்பது வருடம் இருந்தவராம். பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். அந்த ஊர் வழக்கம் அது. எனக்கு வாய் வரவில்லை. கடைசி வரைக்கும் 'சார்' என்றுதான் அழைத்தேன்.

ஒரு நாள் உள்ளே அழைத்து, தன் சேகரிப்பைக் காட்டினார். எல்லாம் ஒரே வகை: 'இந்தியன் ஹெட்' எனப்படும் ஒரு சென்ட் காசுகள். பெயரைக் கேட்டதும் நம் நாட்டுச் சம்பந்தமோ என்று நினைத்துவிட்டேன். அப்படி இல்லை. இறகுக் கிரீடம் அணிந்த ஒரு தலை. அமெரிக்கப் பழங்குடியினரின் தலையணி. ஆனால் முகம் அவர்களுடையது அல்ல. அது 'லிபர்ட்டி' என்கிற சுதந்திர தேவி. கிரீடத்தின் பட்டையில் அந்தச் சொல் பொறித்திருக்கும். அச்சை வடித்த ஜேம்ஸ் லாங்கேக்கர் தன் மகளின் முகத்தையே மாதிரியாக வைத்தார் என்று ஒரு கதை உண்டு. விஷயம் தெரிந்தவர்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை.

1859-ல் இந்தக் காசு முதலில் வந்தபோது அது வெண்கலம் அல்ல. 88 பங்கு செம்பு, 12 பங்கு நிக்கல். தடிமனாக, வெளிறிய நிறத்தில், 4.67 கிராம் எடையில் இருந்தது. உள்நாட்டுப் போர் மூண்டதும் ஜனங்கள் உலோகக் காசுகளை எல்லாம் பதுக்கினார்கள். பொன், வெள்ளிக்குப் பிறகு இந்தச் சென்ட்டும் காணாமல் போனது. சில்லறை இல்லாமல் வியாபாரம் நடக்குமா? கடைக்காரர்களும் தனியார் பட்டறைக்காரர்களும் தாங்களே மெல்லிய வெண்கல வில்லைகளை அடித்துப் புழங்க விட்டார்கள். ஜனங்களும் வாங்கிக்கொண்டார்கள். அப்போதுதான் நாணயச் சாலைக்கு ஒரு விஷயம் உறைத்தது: காசுக்குள் ஒரு சென்ட் மதிப்புள்ள உலோகம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நிக்கல் கலந்த உலோகம் கெட்டியானது, அச்சுகளைச் சீக்கிரம் உடைத்துவிடும் என்கிற தொல்லை வேறு. 1864 ஏப்ரல் 22-ஆம் தேதி சட்டம் வந்தது. 95 பங்கு செம்பு, மீதி 5 பங்கு வெள்ளீயமும் துத்தநாகமும். எடை 3.11 கிராம், விட்டம் 19 மில்லிமீட்டர். நம் வீட்டில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பில் இருப்பதும் இதே வெள்ளீயம்தான். அதே சட்டத்தின்படி இரண்டு சென்ட் வெண்கலக் காசும் வந்தது. 'கடவுளை நம்புகிறோம்' என்ற வாசகம் முதன்முதலில் பொறிக்கப்பட்ட அமெரிக்க நாணயம் அந்த இரண்டு சென்ட்தான். பாவம், 1873-க்குப் பிறகு அது நின்றுபோயிற்று.

இந்தக் கலவையை அமெரிக்கர்கள் கண்டுபிடித்ததாக எண்ண வேண்டாம். பிரான்ஸ் 1852-லும் பிரிட்டன் 1860-லும் செம்பிலிருந்து வெண்கலத்துக்கு மாறிவிட்டன. நம் நாட்டுக் காலணா 1906-ல் மாறியது. நம் பெரியவர்கள் அரைஞாண் கயிற்றில் கோத்துக் கட்டியிருந்த ஓட்டைக் காலணாவும் வெண்கலமே.

பெரியவரிடம் 1864 முதல் 1909 வரை வருடத்துக்கு ஒன்றாக 45 காசுகள் இருந்தன. கணக்குப் போட்டால் 46 வர வேண்டும். 1877 மட்டும் இல்லை. அந்த வருடம் 8,52,500 காசுகள்தான் அடித்தார்கள். மற்ற பல வருடங்களில் கோடிக்கணக்கில் அடித்திருக்கிறார்கள். தேய்ந்துபோன 1877-க்கே பல நூறு டாலர் கொடுக்க வேண்டும். புத்தம் புதிது போல் இருந்தால் அது நம் பேச்சில் வராத தொகை. "வாங்கியிருக்கலாம். ஒவ்வொரு தடவையும் வீட்டில் வேறு செலவு வந்துவிடும்" என்றார் பெரியவர். உலகம் முழுவதும் சம்சாரிகள் ஒன்றுதான்.

நான் கிளம்பும் வாரம் அவர் கேட்டார், "உங்கள் ஊர் பெரிய ஸ்டேஷனைப் படத்தில் பார்த்திருக்கிறேன். அது எந்த வருடத்தது?" நான் வி.டி. ஸ்டேஷனின் வரலாற்றைச் சொன்னேன். விக்டோரியா மகாராணியின் பொன்விழாவை ஒட்டி 1887-ல் அதற்கு அந்தப் பெயர் வைத்தார்கள். எழுந்து உள்ளே போனார். ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறையோடு வந்தார். உள்ளே 1887-ஆம் வருடத்துச் சென்ட். இறகுகளின் நுனியும், காதுக்கு மேல் சுருண்ட முடியும், நாடாவில் உள்ள நான்கு வைர வடிவங்களும் நேற்று அடித்தது போல் தெளிவாக இருந்தன. நிறம் மட்டும் ஒரு மாதிரி. பாதி செம்பருத்திச் சிவப்பு, ஓரங்களில் காப்பிப் பழுப்பு, நடுவே லேசாக ஊதா ஓடியது. "இது உங்களுக்கு. என்னிடம் இந்த வருடத்தில் இன்னொன்று இருக்கிறது" என்றார்.

டோம்பிவிலிக்கு வந்து சேர்ந்த மறுவாரம் நவராத்திரி. கொலுவுக்கு விளக்குகளையும் பஞ்சபாத்திரத்தையும் தேய்க்க மனைவி புளியைக் கரைத்து வைத்திருந்தாள். சொந்தக்காரர்களுக்குக் காட்டும்போது காசு பளிச்சென்று இருக்கட்டுமே என்று தோன்றியது. என் பாட்டி கும்பகோணத்தில் அண்டாவைத் தேய்க்கும் அழகு கண்ணில் நின்றது. ஒரு பிடி புளி, ஒரு சிட்டிகை உப்பு. இரண்டு நிமிடம். மனைவி எட்டிப் பார்த்து, "ஏங்க, அந்தப் பெரியவர் கொடுத்ததையா தேய்க்கிறீங்க? அப்படியே இருந்தாதானே அழகு?" என்றாள். "உலோகத்தைப் பத்தி எனக்குப் பாடம் நடத்தாதே" என்று சொன்னேன். அதை இங்கே எழுத வேண்டாமென்றுதான் பார்த்தேன். அவள் எழுதச் சொல்கிறாள்.

காசு இளஞ்சிவப்பாக, அப்போது வார்த்தது போல் வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு கொரோனா வந்து நான்கு வருடம் போக முடியவில்லை. 2022 கோடையில் மறுபடி எடிசன். பேரனுக்கு நாலு வயது. பெரியவர் நன்றாகத் தளர்ந்திருந்தார், கை நடுங்கியது. மனைவி இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அவர் கொடுத்ததைப் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று காட்டுவதற்காக அந்தக் காசைக் கொண்டுபோயிருந்தேன். ஜன்னல் பக்கம் போய், பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸை வைத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எதை வைத்துத் துடைத்தீர்கள்?" என்றார். கோபமே இல்லாத குரல். நான் புளியைப் பற்றிச் சொன்னேன். ஆங்கிலத்தில் அதற்கு எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்லி ஒரு சின்ன அட்டைத் துண்டில் எழுதிக்கொண்டார்: '1887. சுத்தம் செய்யப்பட்டது. புளி.' அட்டையையும் காசையும் ஒரே உறையில் போட்டு என்னிடம் திருப்பித் தந்தார். "இது எப்போதும் இதோடேயே இருக்கட்டும். நாளைக்கு இதை வாங்குகிறவன் ஏமாறக் கூடாது" என்றார்.

அவர் அன்று விளக்கியதை என் பாணியில் சொல்கிறேன். நாணயச் சாலையில் வெண்கலத் தகட்டிலிருந்து வட்டமாக வெட்டிய வில்லையை இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து அடிக்கும்போது, அந்த ஒரு கணத்தில் உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிக் குழம்பு போல் நகர்கிறது. நகர்ந்த சுவடு கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கோடுகளாக மேற்பரப்பில் தங்கிவிடுகிறது. ஃபோர்ஜிங் வேலையில் இதன் அண்ணனை நான் பார்த்திருக்கிறேன். காசை விளக்கின் கீழ் சாய்த்துச் சுழற்றினால், வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் சுற்றுவது போல் ஒளி சுற்றி வரும். அதுதான் அந்தக் காசின் உயிர். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் கறுப்பை மட்டும் எடுப்பதில்லை. கறுப்பு என்பதே செம்பின் மேல்தோல் மாறி உண்டானதுதான். அதைக் கரைத்தால் கோடுகளும் சேர்ந்து போய்விடும். விரல் தேய்த்தது வேறு குறுக்கும் நெடுக்குமாகக் கீறி வைத்திருக்கும். என் காசைச் சுழற்றிப் பார்த்தேன். ஒளி சுற்றவில்லை. எங்கும் ஒரே மாதிரி மொண்ணையாகத் திரும்பி வந்தது. உப்பு இன்னொரு பகை. அதன் குளோரைடு நுண்துளைகளில் தங்கி, மழைக்காலத்து ஈரத்தில் பச்சையாகப் பூக்கத் தொடங்கும். டோம்பிவிலி ஈரத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளிக் காசு, தங்கக் காசு சேர்ப்பவர்களுக்கு இத்தனை பாடு இல்லை. செம்பும் வெண்கலமும் எதற்கெடுத்தாலும் நிறம் மாறும். அதனால்தான் அமெரிக்காவில் இவற்றுக்கு மட்டும் நிறத்துக்கென்று தனி வகைப்பாடு உண்டு. அடித்தபோது இருந்த சிவப்பு கிட்டத்தட்ட முழுவதும் இருந்தால் 'சிவப்பு', கொஞ்சம் மிஞ்சியிருந்தாலும் 'சிவப்புப் பழுப்பு', போய்விட்டால் 'பழுப்பு'. இதைத் தவிர 1 முதல் 70 வரை ஒரு தர எண். இந்த எண் முறையை 1949-ல் வில்லியம் ஷெல்டன் என்பவர் பழைய பெரிய செம்புச் சென்ட்டுகளுக்காக ஏற்படுத்தினார். பிறகு எல்லா நாணயங்களுக்கும் பரவிவிட்டது. 60-க்கு மேல் என்றால் புழக்கத்துக்கே வராதது. 65, 66 என்று ஏறினால் கீறல் அரிது, ஒளி முழுசு. தேய்ந்த 1887 காசு ஒன்று சில டாலருக்குக் கிடைக்கும். அதே வருடம் 66-ஆக, சிவப்பாக இருந்தால் நூற்றுக்கணக்கில் போகும், ஆயிரத்தையும் தாண்டும். 1986-ல் பி.சி.ஜி.எஸ்., அடுத்த ஆண்டு என்.ஜி.சி. என்று நிறுவனங்கள் வந்து, காசைப் பார்த்துத் தரம் போட்டுக் கெட்டிப் பிளாஸ்டிக்கில் அடைத்துத் தருகின்றன. பெரியவருக்கு அது பிடிக்காது, சவப்பெட்டி என்பார். எனக்கு அவ்வளவு வெறுப்பு இல்லை. போலிகள் மலிந்த காலத்தில், விலை கூடிய காசை அப்படி அடைத்ததாகத்தான் வாங்க வேண்டும் என்பது என் கட்சி. தேய்த்த காசுக்கு அங்கே எண்ணே கிடையாது. 'சுத்தம் செய்யப்பட்டது' என்று ஒரு குறிப்பு, அவ்வளவுதான்.

பெரியவர் என்னை ஒரு உதவி கேட்டார். காசுகள் இருந்த உறைகள் எல்லாம் நாற்பது வருடத்துப் பழசு, மிருதுவான பி.வி.சி. பிளாஸ்டிக். அது நாளாவட்டத்தில் கசிந்து காசின் மேல் பச்சைப் பிசின் போல் படியும். விட்டால் அரித்துவிடும். எல்லாவற்றையும் வெளியே எடுத்து வேறு உறைக்கு மாற்ற வேண்டும். நடுங்கும் கையால் அவருக்கு முடியாது, மகனோ தூரத்தில். "நீங்கள் செய்வீர்களா?" என்றார். புளி விஷயம் தெரிந்த பிறகுதான் கேட்டார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இரண்டு வாரம், தினம் மூன்று நான்கு காசுகள். அவர் வீட்டுக் கார் கொட்டகையின் கதவை மேலே தூக்கிவிட்டு, நெருப்பு எதுவும் பக்கத்தில் இல்லாமல் உட்காருவேன். கண்ணாடிக் கிண்ணத்தில் சுத்தமான அசிட்டோன். நகப்பூச்சு அழிக்கும் திரவம் அல்ல. அதில் வேறு சரக்குகள் இருக்கும். காசை விளிம்பில் மட்டும் பிடித்து உள்ளே விட வேண்டும். தேய்க்கக் கூடாது, துடைக்கக் கூடாது. பச்சை தானாக விட்டுவிடும். இரண்டாவது கிண்ணத்தில் புது அசிட்டோனில் ஒரு முழுக்கு, பிறகு காற்றில் காய வேண்டியது. அசிட்டோன் பிசினைக் கரைக்கும், உலோகத்தைத் தொடாது. புளிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். காசின் மேல் குனிந்து பேசவும் கூடாது. எச்சில் திவலை பட்ட இடத்தில் பின்னாளில் கரும்புள்ளி வரும். கொரோனா முகக்கவசம் கைவசம் இருந்தது, நல்லதாயிற்று. உறைகளில் அடித்திருந்த ஸ்டேப்பிள் பின்னைப் பிடுங்கும்போதுதான் எனக்கு வியர்த்தது. அதன் கூரிய கால் காசைத் தொட்டால் நூற்றைம்பது வருடத்துப் பளபளப்பில் ஒரு கோடு விழும். ஆக்சில் பாக்ஸைத் திறக்கும்போதுகூட என் கை அவ்வளவு கவனமாக இருந்ததில்லை.

அவர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றின் கதையையும் சொல்லுவார். இது ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஏலத்தில் எடுத்தது, இது சித்தப்பா கொடுத்தது. 1864-ல் வருடக் கடைசியில் வந்த காசுகளில் நாடாவின் மேல் லாங்கேக்கரின் முதலெழுத்து ஒன்று பொடியாக இருக்கும் என்று லென்ஸைக் கொடுத்துக் காட்டினார்.

ஒன்பதாம் நாள் 1887 வந்தது. உறையைப் பிரித்தேன். தேய்ந்த, சாதாரணப் பழுப்புக் காசு. பட்டையில் 'லிபர்ட்டி' என்ற சொல்லில் பாதி எழுத்துகள் மழுங்கியிருந்தன. முன்னும் பின்னும் இருந்த 1886-உம் 1888-உம் சிவந்து மின்னிக்கொண்டிருக்க, நடுவே இது மட்டும் ஏழைச் சொந்தக்காரன் போல் இருந்தது. வரிசையில் இருந்த நல்லதை எனக்குக் கொடுத்துவிட்டு, இரண்டாந்தரத்தை அவர் வைத்துக்கொண்டிருக்கிறார். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அடுத்தது 1888. அதில் கவனம், ஓரத்தில் பச்சை அதிகம்" என்றார்.

அன்று இரவு மகளிடம் சொன்னேன். "அப்பா, அதே மாதிரி ஒன்று வாங்கிக் கொடுத்துடலாமே" என்றாள். மாப்பிள்ளை விலை விசாரித்துச் சொன்னார். என் பென்ஷனில் யோசிக்க வேண்டிய தொகைதான். ஆனாலும் வாங்கினோம், 64-ஆம் தரம், சிவப்புப் பழுப்பு. ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். லென்ஸில் பார்த்து, "நல்ல காசு" என்றார். அந்தத் தடிமனான பிளாஸ்டிக் பெட்டியை அவரே சுத்தியால் தட்டி உடைக்கச் சொல்லி, காசை எடுத்து வரிசையில் வைத்தார். என் முன்னாலேயே பழைய காசை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதற்குமேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. 2024-ல் வீட்டை விற்றுவிட்டு மகனோடு போய்விட்டார் என்று மகள் சொன்னாள். 1877 வாங்கினாரா என்பது தெரியாது.

லிங்கன் காசுகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் அவைதான். லிங்கன் பிறந்த நூறாம் ஆண்டான 1909-ல் இவை தொடங்கின. லிதுவேனியாவிலிருந்து குடியேறிய விக்டர் டேவிட் பிரென்னர் செய்த உருவம். பின்புறம் இரண்டு கோதுமைக் கதிர்கள். அடியில் தன் பெயரின் மூன்று முதலெழுத்துகளைப் பொறித்திருந்தார். அது பெரிதாக இருக்கிறது என்று புகார் கிளம்பி, சில நாட்களிலேயே எடுத்துவிட்டார்கள். அதற்குள் சான் ஃபிரான்சிஸ்கோ நாணயச் சாலை 4,84,000 காசுகளை அடித்து முடித்திருந்தது. வருடத்தின் கீழே 'எஸ்' என்ற எழுத்தும், பின்புறம் அடியில் 'வி.டி.பி.' எழுத்துகளும் உள்ள 1909 காசு கிடைத்தால் முதலில் உட்காருங்கள், பிறகு நல்ல நிபுணரிடம் காட்டுங்கள். 'எஸ்' எழுத்தைப் பின்னால் ஒட்டிய போலிகள் ஏராளம். 1943-ல் போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தார்கள். அந்த வருடம் தவறிப்போய் வெண்கலத்தில் அடிபட்ட காசுகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. அப்படி டென்வரில் அடித்த ஒன்று 2010-ல் 17 லட்சம் டாலருக்கு விற்றது. உங்களிடம் 1943 பழுப்பாக இருந்தால் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் செம்பு முலாம் பூசிய எஃகு, ஆசையை விடலாம். 1962-ல் வெள்ளீயத்தை எடுத்துவிட்டார்கள், அதோடு அது வெண்கலம் என்ற பெயரை இழந்தது. 1982-ல் உள்ளே முழுக்கத் துத்தநாகம், மேலே செம்பு முலாம் என்றாகிவிட்டது. எடை 2.5 கிராம். நகை நிறுக்கும் தராசில் போட்டால் தெரிந்துவிடும். 1793 முதல் அடித்து வந்த சென்ட்டை, புழக்கத்துக்காக அடிப்பதை 2025 நவம்பர் 12-ஆம் தேதி ஃபிலடெல்ஃபியாவில் நிறுத்தியும் விட்டார்கள். ஒரு சென்ட் அடிக்க 3.69 சென்ட் செலவு என்று 2024 நிதியாண்டுக் கணக்கு சொன்னது.

நம் ஊரில் வைத்துக்கொள்வது எப்படி என்று கேட்பீர்கள். பி.வி.சி. உறை வேண்டாம். ரப்பர் பேண்டு போடாதீர்கள். அதில் கந்தகம் இருக்கிறது, வெண்கலத்தைக் கறுக்க வைக்கும். மைலார் உறையோ அக்ரிலிக் சிமிழோ வாங்கி, டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் பொட்டலத்தை மாற்றுங்கள். அவ்வளவே.

என் 1887 காசு பீரோவில் இருக்கிறது. இளஞ்சிவப்பு போய்விட்டது. திட்டுத்திட்டாக மங்கிய பழுப்பு, ஒரு ஓரத்தில் ஊசிமுனை அளவு பச்சை. இந்தக் கட்டுரையை எழுதி முடித்த பிறகு அந்தச் சங்க நண்பரை வீட்டுக்கு வரச் சொல்லி, அச்சுக்குக் கொடுக்குமுன் படித்துக் காட்டினேன். அவர் பேசாமல் கேட்டுவிட்டு, பெரியவர் எழுதிய அட்டைத் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு தன் 1919-ஐ எடுத்து மேசை மேல் வைத்து, "ஒரு பேனா கொடுங்க சார்" என்றார். ஒரு சின்ன அட்டையைக் கத்தரித்துக் கொடுத்தேன். வருடத்தை எழுதினார், 'தேய்க்கப்பட்டது' என்று எழுதினார்.

"எதை வைத்துத் தேய்த்தீர்கள்?" என்று கேட்டேன்.

"விபூதி" என்றார். அதையும் எழுதிக்கொண்டார்.